குனுகேஷில் ஜிஎஸ்டி: ஒரு சின்னக் கடையின் வரிக் கணக்கை முதலிலிருந்து அமைப்பது எப்படி

பொள்ளாச்சியில் மச்சானுக்கு ஒரு ஸ்டேஷனரி கடை. நோட்டு, பேனா, ஜாமெட்ரி பாக்ஸ், ஏ4 பேப்பர் எல்லாம் உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது டீ குடிக்கக்கூட நேரமிருக்காது, மற்ற மாதங்களில் டீ குடிப்பதுதான் வேலை. கடைக்குக் கணக்கு எழுதுவது நான். சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு உண்டு.

காசு கொடுத்துக் கணக்கு மென்பொருள் வாங்க அவருக்கு மனசில்லை, திருட்டு காப்பி போட எனக்கு மனசில்லை. அப்படித்தான் குனுகேஷ் (GnuCash) வந்தது. இலவசம், கட்டற்ற மென்பொருள், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும், ஆரம்பித்துக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இரட்டைப் பதிவு முறையில் கறாராக நிற்கும், பற்றும் வரவும் சமமாகாமல் எதையும் விடாது.

ஆனால் அதற்கு ஜிஎஸ்டி என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ‘சேல்ஸ் டேக்ஸ் டேபிள்’ என்ற ஒரு சின்னப் பட்டியல்தான்: இத்தனை சதவீதம், அந்தத் தொகையை இந்தக் கணக்கில் போடு, அவ்வளவுதான். மாநிலம், எச்எஸ்என் (பொருளின் வகை எண்), உள்ளீட்டு வரி (வாங்கும்போது கொடுத்த வரி), 3பி (வரிச் சுருக்க ரிட்டர்ன்) எதுவும் அதற்குக் கிடையாது. எனவே ரிட்டர்ன் (அரசுக்குத் தாக்கல் செய்யும் வரிக் கணக்கு) என்னென்ன கேள்வி கேட்கிறதோ அந்தந்தக் கேள்விக்கு ஒரு கணக்குத் தலைப்பை நாமே முன்கூட்டித் திறந்து வைக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் முதல் தடவை ‘ஜிஎஸ்டி’ என்று ஒரே ஒரு கணக்கைத் திறந்து வாங்கியது, விற்றது, கட்டியது எல்லாவற்றையும் அதற்குள்ளேயே கொட்டினேன். மூன்று மாதம் கழித்து 3பி போட உட்கார்ந்தபோது மிஞ்சியது ஒரே ஒரு இருப்புத்தொகை. அதில் எது மாநிலத்துக்கு, எது மத்திய அரசுக்கு என்று பிரிக்க இரண்டு ராத்திரி போனது.

யாருக்கு இது சரிப்படாது

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் குனுகேஷ் வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற தடம் தானாகப் பதிவாக வேண்டும், அதை அணைக்கவும் முடியக் கூடாது என்று கம்பெனி விதிகள் சொல்கின்றன. குனுகேஷில் அப்படி ஒன்று இல்லை.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் வேண்டாம். அவர்கள் இ-இன்வாய்ஸ் (அரசுப் போர்ட்டலில் பதியும் பில்) போட்டே ஆக வேண்டும், இதிலிருந்து அது போகாது. அவர்கள் இஆர்பிநெக்ஸ்ட்டையும் அதோடு ‘இந்தியா கம்ப்ளையன்ஸ்’ என்ற இணைப்பையும் பார்க்கலாம். அதுவும் கட்டற்ற மென்பொருள்தான், இ-இன்வாய்ஸ், இ-வே பில் (வண்டியில் போகும் சரக்குக்கான மின்னணுச் சீட்டு) இரண்டும் அதற்குள்ளேயே வரும். ஆனால் ஒரு சின்னக் கடைக்கு அது கறிவேப்பிலை வாங்க லாரி எடுத்துப் போகிற மாதிரி.

காம்போசிஷன் என்ற, சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. பில்லில் வரி போடவும் முடியாது, வாங்கியதில் கட்டிய வரியைக் கழிக்கவும் முடியாது. வியாபாரி என்றால் விற்றுமுதலில் 1 சதவீதத்தைக் கைக்காசிலிருந்து கட்டப் போகிறீர்கள், அதற்கு ஒரு செலவுத் தலைப்பு போதும்.

மீதி இருப்பவர்கள், அதாவது சொந்தக் கடை அல்லது கூட்டாளிக் கடை வைத்து, வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்து, 5 கோடிக்குள் வியாபாரம் செய்பவர்கள் தாராளமாக உள்ளே வரலாம்.

படி 1: கணக்குத் தலைப்புகள்

வேலையில் முக்கால்வாசி இதுதான். இதைச் சரியாகப் போட்டுவிட்டால் மற்றது தட்டச்சு வேலை.

பொறுப்புகள் என்ற வகைக்குக் கீழே ‘வசூலித்த வரி’ என்று ஒரு தாய்க் கணக்கு, அதற்குள் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்தின் பங்கு), ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கு) என்று மூன்று. வாடிக்கையாளரிடம் வாங்கிய வரி நம் காசு கிடையாது, கல்லாவில் தற்காலிகமாக உட்கார்ந்திருக்கும் அரசாங்கக் காசு. அதனால்தான் அது பொறுப்பு.

சொத்துகள் என்ற வகைக்குக் கீழே ‘உள்ளீட்டு வரி’, அதற்குள்ளும் அதே மூன்று. சரக்கு வாங்கும்போது நாம் கொடுத்த வரி இது, பிறகு கழித்துக்கொள்ளப் போவது. அதோடு இன்னும் இரண்டு சொத்துக் கணக்குகள் வேண்டும்: ‘2பி-யில் வராதவை’ என்று ஒன்று, ‘மின்னணு ரொக்கப் பேரேடு’ என்று ஒன்று. எதற்கு என்று பின்னால் வரும்; 2பி என்பது சப்ளையர்கள் காட்டிய நம் கொள்முதல்களின் பட்டியல், ஜிஎஸ்டி போர்ட்டலில் இருக்கும்.

சிஜிஎஸ்டியையும் எஸ்ஜிஎஸ்டியையும் எப்போதும் சமமாகத்தானே வருகிறது என்று ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள். வசூலிக்கும்போது சமம்தான், கழிக்கும்போது அல்ல. சிஜிஎஸ்டியில் மிச்சமிருக்கும் வரவை, அதாவது கழிக்கக் கிடைக்கும் உள்ளீட்டு வரியை, எஸ்ஜிஎஸ்டி கட்டப் பயன்படுத்த முடியாது, மறுபக்கமும் முடியாது.

அடுத்தது வருமானக் கணக்குகள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், ‘விற்பனை’ என்று ஒன்றை மட்டும் வைத்துவிடுகிறார்கள். எந்தப் பில்லில் எந்த டேபிளைப் போட்டோம் என்று வரிவிகிதம் வாரியாகத் தொகுத்துத் தரும் அறிக்கை குனுகேஷில் நமக்குத் தோதாக இல்லை. ரிட்டர்னோ விகிதம் வாரியாகத்தான் கேட்கிறது. எனவே விற்பனையையே விகிதப்படி உடைத்துவிடுங்கள். எங்கள் கடையில் ஐந்து: உள்மாநில விற்பனை 18, உள்மாநில விற்பனை 5, வெளிமாநில விற்பனை 18, வெளிமாநில விற்பனை 5, வரியில்லா விற்பனை. மாதக் கடைசியில் வருமான அறிக்கையைத் திறந்தால் 3பி-க்கும் ஆர்-1-க்கும் (விற்பனை விவர ரிட்டர்ன்) வேண்டிய, வரி சேராத மதிப்பு அப்படியே வரிசையாக நிற்கும்.

கணக்குப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், ஒரு சிக்கலும் வராது. செலவுப் பக்கத்தில் ‘கழிக்க முடியாத வரி’, ‘பைசா சரிக்கட்டல்’ என்று இரண்டை மட்டும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

படி 2: வரி டேபிள்கள்

பிசினஸ் மெனுவில் சேல்ஸ் டேக்ஸ் டேபிள். இடப்பக்கம் டேபிள்களின் பெயர், வலப்பக்கம் அந்த டேபிளுக்குள் இருக்கும் வரிகள். ஒரு டேபிளுக்குள் எத்தனை வரி வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதுதான் நமக்கு வசதி.

உள்மாநில விற்பனைக்கான 18 சதவீத டேபிளில் இரண்டு வரிகள்: 9 சதவீதம், வசூலித்த சிஜிஎஸ்டி, இன்னொரு 9 சதவீதம், வசூலித்த எஸ்ஜிஎஸ்டி. 5 சதவீதத்துக்கு 2.5, 2.5. வெளிமாநிலத்துக்கு ஒரே வரி, முழு 18 அல்லது முழு 5, வசூலித்த ஐஜிஎஸ்டிக்கு. ஒவ்வொன்றிலும் வகை என்ற இடத்தில் சதவீதம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே ‘மதிப்பு’ என்று இன்னொன்று இருக்கும், அதைத் தெரியாமல் தேர்ந்தெடுத்தால் எவ்வளவு தொகையானாலும் 9 ரூபாய்தான் வரி போடும்.

வாங்குவதற்குத் தனி டேபிள்கள் போட வேண்டும். விற்பனை டேபிளையே கொள்முதல் பில்லிலும் போட்டால் பதிவு ஆகிவிடும், பிழை காட்டாது. ஆனால் வாங்கியபோது கொடுத்த வரி, வசூலித்த வரிக் கணக்கிலேயே பற்றாக விழுந்து இரண்டும் ஒன்றை ஒன்று சாப்பிட்டுவிடும். என் ‘ஒரே கணக்கு’ கதை மறுபடியும் ஆரம்பம். ஆக மொத்தம் எட்டு டேபிள். பெயரிலேயே எல்லாம் தெரிகிற மாதிரி வையுங்கள்: ‘வி-உள்-18’, ‘வி-வெளி-5’, ‘கொ-உள்-18’ என்று. பில் போடும்போது பட்டியலில் பெயர் மட்டும்தான் தெரியும்.

வரியில்லாத பொருளுக்கு டேபிளே வேண்டாம். பில்லில் அந்தப் பொருளின் வரிசையில் ‘டேக்ஸபிள்’ என்ற கட்டத்தில் டிக் எடுத்துவிட்டால் போதும்.

படி 3: கடை விவரம், பார்ட்டி விவரம்

ஃபைல் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ், அதில் பிசினஸ் என்ற பக்கம். கடைப் பெயர், முகவரி, கம்பெனி ஐடி என்ற இடத்தில் ஜிஎஸ்டி எண். அங்கேயே வாடிக்கையாளருக்கும் சப்ளையருக்கும் இயல்பு டேபிள் எது என்று கேட்கும். எங்கள் கடையில் உள்மாநில 18-ஐ வைத்திருக்கிறேன், பில்களில் அதுதான் அதிகம்.

வெளிமாநிலப் பார்ட்டிகளுக்கு அவரவர் விவரப் பக்கத்தில் பொது டேபிளை மாற்றும் டிக்கைப் போட்டு, வெளிமாநில டேபிளைக் கொடுத்துவிடுங்கள். பாலக்காட்டில் ஒரு சில்லறைக் கடைக்காரர் எங்களிடம் பேனா எடுக்கிறார். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு ஒன்றும் தூரமில்லை, டவுன் பஸ்ஸில் போய் வருகிற மாதிரிதான், ஆனால் வரிக்கு அது வேறு மாநிலம். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்: தமிழ்நாடு 33, கேரளா 32, கர்நாடகா 29, புதுச்சேரி 34. நம்முடையது 33, பார்ட்டியின் எண் வேறு ஏதாவதில் ஆரம்பித்து சரக்கும் அங்கே போகிறது என்றால் ஐஜிஎஸ்டி.

பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணுக்குத் தனிப் பெட்டி கிடையாது. முகவரியின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள், அச்சடிக்கும்போது முகவரியோடு வந்துவிடும். அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும். எச்எஸ்என் எண்ணுக்கும் இதே கதிதான். பில் வரிசையில் ‘ஆக்‌ஷன்’ என்று ஒரு கட்டம், நம் இஷ்டத்துக்கு எதையும் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள், நான் எச்எஸ்என்னை அதில்தான் போடுகிறேன். 5 கோடிக்குள் என்றால் பதிவு பெற்ற பார்ட்டிகளுக்கான பில்லில் நான்கு இலக்கம் போதும்.

படி 4: விற்பனை பில்

உள்ளூர்ப் பள்ளி ஒன்றுக்குச் சரக்கு போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

நோட்டு 500, ஒன்று 30 ரூபாய் வீதம் 15,000. வரி இல்லை.
ஏ4 பேப்பர் 20 ரீம், 220 வீதம் 4,400. வரி 18.
ஜாமெட்ரி பாக்ஸ் 40, 120 வீதம் 4,800. வரி 5.
பேனா 200, 8 ரூபாய் வீதம் 1,600. வரி 18.

பில்லின் ஒவ்வொரு வரிசையிலும் மூன்று விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: வருமானக் கணக்கு, டேக்ஸபிள் டிக், டேபிள். நோட்டுக்கு வரியில்லா விற்பனை, டிக் கிடையாது. பேப்பருக்கும் பேனாவுக்கும் உள்மாநில விற்பனை 18, ‘வி-உள்-18’. ஜாமெட்ரி பாக்ஸுக்கு 5. எல்லாம் சரியாக இருந்தால் வரி மட்டும் 1,320 வரும், அதில் சிஜிஎஸ்டி 660, எஸ்ஜிஎஸ்டி 660, மொத்தப் பில் 27,120.

பொருளுக்கு இந்த விகிதம் என்று ஒரு தடவை பதிந்து வைத்துக்கொள்ளும் வசதி குனுகேஷில் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தரும் குறை. சமாளிக்க ஒரு வழி: எல்லாப் பொருளும் சரியான டேபிளோடு இருக்கும் ஒரு மாதிரி பில்லைப் போஸ்ட் பண்ணாமல் (கணக்கில் ஏற்றாமல்) வைத்துக்கொண்டு, ‘டூப்ளிகேட் இன்வாய்ஸ்’ போட்டு வேண்டாத வரிசைகளை நீக்குவது. அடிப்பதைவிட அழிப்பது வேகம், தப்பும் குறைவு.

தள்ளுபடி கொடுப்பதாக இருந்தால், தள்ளுபடி எப்போது கழிய வேண்டும் என்று ஒரு கட்டம் கேட்கும்: வரிக்கு முன்னா, பின்னா. பில்லிலேயே காட்டும் தள்ளுபடி வரிவிதிப்பு மதிப்பிலிருந்து கழியும் என்பதால் வரிக்கு முன் என்பதே சரி.

பில் முழு ரூபாயில் வரவில்லையென்றால் குனுகேஷ் தானாகச் சரிக்கட்டாது. கடைசியில் ஒரு வரிசை, ‘பைசா சரிக்கட்டல்’ கணக்கு, டேக்ஸபிள் டிக் இல்லாமல், 0.40 அல்லது மைனஸ் 0.35 என்று விலை போட்டுவிடுங்கள்.

சரக்கு வண்டியில் போகிறதா? தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சத்துக்கு மேல், பாலக்காட்டுக்கு என்றால் 50,000-க்கு மேல் இ-வே பில் வேண்டும். அதைப் போர்ட்டலில் போய்த்தான் போட வேண்டும், இங்கிருந்து எதுவும் போகாது.

படி 5: கல்லா விற்பனை

ஒரு பென்சில், இரண்டு பேனா என்று வாங்குபவருக்கெல்லாம் குனுகேஷில் பில் போட்டால் கடையை மூடிவிட வேண்டியதுதான். பதிவு பெறாத வாடிக்கையாளர், 200 ரூபாய்க்குக் குறைவான தொகை, அவரும் பில் கேட்கவில்லை என்றால் தனித்தனி பில் தேவையில்லை, நாள் முடிவில் மொத்தமாக ஒரு பில் போதும் என்று விதியே சொல்கிறது.

‘கல்லா’ என்ற பெயரில் ஒரு வாடிக்கையாளரை உருவாக்கி, தினமும் ராத்திரி ஒரு பில். மூன்றே வரிசைகள்: 18-இல் இன்று எவ்வளவு, 5-இல் எவ்வளவு, வரியில்லாதது எவ்வளவு. கல்லாவில் வந்தது வரியோடு சேர்ந்த விலை என்பதால் ‘டேக்ஸ் இன்க்ளூடட்’ கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் அதுவே பின்னோக்கிப் பிரித்துக்கொள்ளும். 18 சதவீதப் பொருளில் 2,360 வசூல் என்றால் சரக்கு 2,000, வரி 180, 180. 5 சதவீதத்தில் 1,050 என்றால் சரக்கு 1,000, வரி 25, 25. முதல் நாள் இந்த இரண்டு தொகையையும் போட்டுப் பார்த்து இதே விடை வருகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

200 ரூபாய்க்கோ அதற்கு மேலோ வாங்குபவருக்கும், கேட்பவருக்கும் கையால் எழுதும் பில் புத்தகம் கடையில் இருக்கிறது. அது தனி வரிசை எண், அதன் மொத்தத்தையும் நாள் முடிவில் தனியாக ஒரு பதிவு.

படி 6: கொள்முதல் பில்

சப்ளையர் பில்லும் இதே முறைதான், ‘கொ’ டேபிள்களோடு. மும்பையிலிருந்து 1,000 பேனா, 5 ரூபாய் வீதம் 5,000, ‘கொ-வெளி-18’ போட்டால் உள்ளீட்டு ஐஜிஎஸ்டியில் 900. கோயம்புத்தூர் பேப்பர் 50 ரீம், 190 வீதம் 9,500 என்றால் சிஜிஎஸ்டி 855, எஸ்ஜிஎஸ்டி 855. சப்ளையரின் பில் எண்ணையும் தேதியையும் அவர் எழுதியிருப்பது போலவே போடுங்கள், 2பி-யோடு ஒப்பிடும்போது கைகொடுப்பது அதுதான்.

கழிக்கவே முடியாத வரிகளும் உண்டு. கடைப் பையன்களுக்கு வாங்கிய சாப்பாடு மாதிரி. அதற்கெல்லாம் டேபிள் போடாமல் வரியோடு சேர்த்த முழுத்தொகையையும் செலவிலேயே எழுதிவிடுங்கள்.

விகிதம் மாறும்போது

2025 செப்டம்பர் 22-ஐ ஸ்டேஷனரி கடைக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். 12, 28 விகிதங்கள் ஏறக்குறைய ஒழிந்து 5, 18, 40 என்று ஆன நாள். அதுவரை எங்கள் கடையில் நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், பேப்பர் மூன்றும் 12. அன்றிலிருந்து நோட்டுக்கு வரியே இல்லை, ஜாமெட்ரி பாக்ஸுக்கு 5, பேப்பருக்கு 18. ஒரே அலமாரி, மூன்று திசை.

நான் செய்த முட்டாள்தனம்: 12 சதவீத டேபிளையே திறந்து 6, 6 என்றிருந்ததை 9, 9 என்று மாற்றிவிட்டேன். ஏற்கெனவே போஸ்ட் பண்ணிய பில்கள் மாறவில்லை, ஏனென்றால் போஸ்ட் செய்யும் நிமிடத்தில் குனுகேஷ் அந்த டேபிளின் நகலை எடுத்து அந்தப் பில்லோடு வைத்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் பில் ஒன்றில் எழுத்துப்பிழையைத் திருத்த அதை அன்போஸ்ட் செய்தேன். அப்போது ஒரு பெட்டி வந்து, டேக்ஸ் டேபிள்களை ரீசெட் செய்யட்டுமா என்று கேட்கிறது. படிக்காமல் சரி என்று அழுத்தினேன். 12-இல் போட்ட ஆகஸ்ட் பில் 18 ஆகிவிட்டது, ஏற்கெனவே ரிட்டர்ன் போட்ட பில். பார்ட்டியின் பாக்கி கூடியிருக்கிறதே என்று மச்சான் கேட்டபோதுதான் தெரிந்தது.

ஆகவே இரண்டு விதி. விகிதம் மாறினால் பழைய டேபிளைத் தொடாதீர்கள், புதிய டேபிள் போடுங்கள். பழைய விகிதத்தில் விற்ற சரக்கு திரும்பி வந்தால் பழைய விகிதத்திலேயே கிரெடிட் நோட் (திரும்பிய சரக்குக்கான கழிவுச் சீட்டு) போட வேண்டியிருக்கும், அப்போது அந்த டேபிள் வேண்டும். ‘பழைய-12’ என்று ஒரு முன்னொட்டு இருந்தால் புதிய பில்லில் கை தவறிப் போகாது. இரண்டாவது, அன்போஸ்ட் செய்யும்போது ரீசெட் கேள்விக்கு எப்போதும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பயன்பாட்டில் இருக்கும் டேபிளை அழிக்க நினைத்தாலும் குனுகேஷ் விடாது, அந்த மட்டும் புண்ணியம்.

அந்தச் செப்டம்பரில் இன்னொரு வேலையும் இருந்தது. நோட்டு வரியில்லாப் பொருளாகிவிட்டதால், 21-ஆம் தேதி ராத்திரி கடையில் இருந்த நோட்டுக் கட்டுகளுக்கு முன்பு கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். 90,000 ரூபாய்ச் சரக்கு இருப்பு என்றால் 12 சதவீதத்தில் 10,800: ‘கழிக்க முடியாத வரி’யில் பற்று, உள்ளீட்டு வரியில் வரவு.

படி 7: மாதக் கடைசி

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். மாத ரிட்டர்ன் போடுபவர்களுக்கு ஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதி, 3பி 20-ஆம் தேதி. காலாண்டுத் திட்டத்தில் இருந்தால் முதல் இரண்டு மாத வரிக்கும் அதற்கடுத்த மாதம் 25-க்குள் சலான் கட்டி, காலாண்டு 3பி-யைத் தமிழ்நாட்டில் 22-க்குள் போட வேண்டும்.

முதலில் விற்பனைச் சோதனை. வருமான அறிக்கையில் ஒரு மாதம் இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: உள்மாநிலம் 18-இல் 80,000, உள்மாநிலம் 5-இல் 72,000, வெளிமாநிலம் 18-இல் 20,000, வெளிமாநிலம் 5-இல் 8,000, வரியில்லாதது 1,20,000. கையால் கணக்குப் போடுங்கள். 80,000-க்கு 9 சதவீதம் 7,200, 72,000-க்கு 2.5 சதவீதம் 1,800, ஆக சிஜிஎஸ்டி 9,000. எஸ்ஜிஎஸ்டியும் அதே. ஐஜிஎஸ்டி 3,600-உம் 400-உம் சேர்ந்து 4,000. இப்போது வசூலித்த வரிக் கணக்குகளைத் திறந்து பாருங்கள். சில பைசா வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம், ரூபாய்க் கணக்கில் இருந்தால் ஏதோ ஒரு பில்லில் வருமானக் கணக்கு ஒன்று, டேபிள் வேறு ஒன்று என்று விழுந்திருக்கிறது. தேடிப்பிடியுங்கள். விற்பனையை விகிதப்படி உடைத்ததால்தான் இந்தச் சோதனையே சாத்தியம்.

அடுத்து 14-ஆம் தேதி போர்ட்டலில் 2பி வரும். சப்ளையர் தன் ரிட்டர்னில் காட்டியிருந்தால்தான் அதில் வரும், அதில் வந்தால்தான் நாம் கழிக்க முடியும். உள்ளீட்டு வரிக் கணக்குகளின் ட்ரான்சாக்‌ஷன் ரிப்போர்ட்டை எடுத்து, 2பி-யோடு பில் பில்லாக டிக் அடியுங்கள். நம் புத்தகத்தில் இருக்கிற, ஆனால் 2பி-யில் இல்லாதவற்றை ‘2பி-யில் வராதவை’க்கு மாற்றிவிட்டு, சப்ளையருக்கு ஃபோன் போடுங்கள். எந்த மாதம் வருகிறதோ அந்த மாதம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை நேரம் உண்டு. அந்தக் கணக்கில் இருப்பு ஏறிக்கொண்டே போனால் சப்ளையரை மாற்ற வேண்டிய நேரம் என்று அர்த்தம்.

சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்கவில்லையென்றாலும் கழித்த வரியைத் திருப்ப வேண்டும். பேயபிள் ஏஜிங் அறிக்கையில் 91 நாளுக்கு மேற்பட்ட பத்தியில் யாராவது இருந்தால் அவர்களை முதலில் கவனியுங்கள்.

எங்களைப் போல வரியுள்ளதும் வரியில்லாததும் சேர்த்து விற்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. இன்டர்நெட், கம்ப்யூட்டர் பழுது மாதிரி பொதுச் செலவுகளில் கொடுத்த வரியை முழுசாகக் கழிக்க முடியாது. மொத்த விற்பனை 3,00,000, அதில் வரியில்லாதது 1,20,000, அதாவது 40 சதவீதம். பொதுச் செலவில் வரி 1,800 என்றால் அதில் 720-ஐத் திருப்ப வேண்டும். கழிக்க முடியாத வரியில் 720 பற்று, உள்ளீட்டு சிஜிஎஸ்டி 360, எஸ்ஜிஎஸ்டி 360 வரவு.

இதெல்லாம் முடிந்து உள்ளீட்டில் ஐஜிஎஸ்டி 10,000, சிஜிஎஸ்டி 5,000, எஸ்ஜிஎஸ்டி 5,000 நிற்கிறது என்போம். கழிக்கும் வரிசை முக்கியம். ஐஜிஎஸ்டி வரவைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்: வசூலித்த ஐஜிஎஸ்டிக்கு 4,000 போனால் மிச்சம் 6,000. இதை மற்ற இரண்டுக்கும் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். பாதிப் பாதியாகப் பிரித்தால் இரண்டிலும் 1,000, 1,000 என மொத்தம் 2,000 ரொக்கமாகக் கட்டினால் போதும். யோசிக்காமல் 6,000-ஐயும் சிஜிஎஸ்டிக்கே கொடுத்தால் சிஜிஎஸ்டி வரவு 2,000 சும்மா கிடக்கும், எஸ்ஜிஎஸ்டிக்கு 4,000 கையிலிருந்து போகும். கல்லாவில் காசில்லாத மாதத்தில் அந்த 2,000-இன் அருமை தெரியும். போர்ட்டலும் ஒரு பிரிவினையைப் பரிந்துரைக்கும், அதைப் பார்த்துவிட்டு மாற்றலாம்.

சலான் கட்டும்போது வங்கியிலிருந்து மின்னணு ரொக்கப் பேரேட்டுக்கு (கட்டிய பணம் போர்ட்டலில் நம் பெயரில் நிற்கும் இடம்) 2,000. பிறகு 3பி போட்ட தேதியில் ஒரே பதிவு: வசூலித்த ஐஜிஎஸ்டி 4,000, சிஜிஎஸ்டி 9,000, எஸ்ஜிஎஸ்டி 9,000 பற்று, உள்ளீட்டு ஐஜிஎஸ்டி 10,000, சிஜிஎஸ்டி 5,000, எஸ்ஜிஎஸ்டி 5,000, ரொக்கப் பேரேடு 2,000 வரவு. இரு பக்கமும் 22,000. இதைப் பதிவதற்கு முன் அந்த மாதத்து அறிக்கைகளைக் கட்டாயம் பிடிஎஃப் எடுத்து வையுங்கள், பதிந்த பிறகு அதே கணக்குகளில் இந்தத் தொகைகளும் கலந்துவிடும். மூன்று உள்ளீட்டுக் கணக்குகளின் இருப்பும் போர்ட்டலில் உள்ள வரவுப் பேரேட்டின் இருப்பும் ஒத்துப்போனால் அந்த ஞாயிறு முடிந்தது, சாப்பிடப் போகலாம்.

படி 8: பூட்டு, நகல், ஏப்ரல் 1

ரிட்டர்ன் போட்ட மாதத்தை யாரும் தொடாமல் இருக்க, ப்ராப்பர்ட்டீஸில் அக்கவுன்ட்ஸ் பக்கத்தில் இத்தனை நாளுக்கு முந்தைய பதிவுகளைத் திருத்த முடியாது என்று ஒரு எண் கொடுக்கலாம். நான் 60 வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் பில் சம்பவத்துக்குப் பிறகு வைத்தது. எண்ணை மாற்றினால் பூட்டு திறந்துவிடும் என்பதால் இது திருடனுக்கான பூட்டு அல்ல, என் போன்ற அவசரக்காரர்களுக்கான பூட்டு.

குனுகேஷ் சேமிக்கும்போதெல்லாம் தேதியோடு ஒரு நகல் எடுத்து வைக்கும், ஆனால் அதே கோப்புறையில். கம்ப்யூட்டர் போனால் அதுவும் போகும். 3பி போட்ட அன்று முழுக் கோப்புறையையும் பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகள் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை என்பதைப் ப்ரிஃபரன்ஸஸில் அக்கவுன்டிங் பீரியட் என்ற இடத்தில் நேரடித் தேதியாகவே கொடுங்கள், ஒவ்வொரு வருடமும் கையால் மாற்ற வேண்டியிருக்கும். பில் எண்ணும் அப்படித்தான். ஒரே நிதியாண்டுக்குள் எண் திரும்ப வரக் கூடாது, 16 எழுத்துக்கு மேலும் போகக் கூடாது. ப்ராப்பர்ட்டீஸில் கவுன்டர்ஸ் பக்கத்தில் ஆண்டை முன்னொட்டாக வைத்து, ஏப்ரல் 1 காலையில் முதல் பில் போடும் முன் முன்னொட்டை மாற்றி, எண்ணையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வையுங்கள். மச்சான் கடையில் அந்த வேலை காலை எட்டரைக்கு, ஷட்டர் தூக்குவதற்கு முன்.